எந்தப் பொய் அவதூறு?

நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஒருவர் மீது எதிர்க்கட்சி உறுப்பினர் ஊழல் குற்றச்சாட்டைச் சுமத்தும்போது, ஆளுங்கட்சி வரிசையிலிருந்து தவறாமல் எழும் குரல் ஒன்றுண்டு. "இதையே அவைக்கு வெளியே வந்து சொல்லத் துணிவிருக்கிறதா?" என்பதுதான் அது. ஆட்சிகள் மாறியிருக்கின்றன, அறைகூவல் விடுப்பவர்களும் ஏற்பவர்களும் இடம் மாறியிருக்கிறார்கள். அறைகூவல் மட்டும் மாறவில்லை.

அதன் பொருள் அனைவரும் அறிந்ததே. அரசியல் சட்டத்தின் 105-ஆவது பிரிவின்படி, அவைக்குள் பேசியதற்காக எந்த உறுப்பினர் மீதும் எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர முடியாது. அதே சொற்களை வெளியே வந்து, விஜய் சௌக்கில் காத்திருக்கும் தொலைக்காட்சி ஒலிவாங்கிகள் முன் சொன்னால் அது அவதூறு வழக்காகலாம். அவையில் பேசியதைச் செய்தியாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்புத் தேடித்தந்தவர் ஃபெரோஸ் காந்தி. அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1956-இல் நிறைவேறிய அச்சட்டத்தை, நெருக்கடி நிலைக் காலத்தில் அவருடைய மனைவியின் அரசே 1976-இல் நீக்கியது. 1977-இல் சட்டம் மீண்டும் உயிர்பெற்றது. மறு ஆண்டு 44-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே அப்பாதுகாப்பு இடம்பெற்றது.

ஆனால், பேச்சு எல்லாம் நாடாளுமன்றத்துக்குள் நடப்பதில்லை. தேர்தல் மேடையிலும், செய்தியாளர் சந்திப்பிலும், கைப்பேசித் திரையிலும் நாள்தோறும் பொய்கள் உலவுகின்றன. அவற்றில் எந்தப் பொய்க்காக ஒருவரை நீதிமன்றக் கூண்டில் நிறுத்தலாம், எதற்காக நிறுத்தக் கூடாது என்பதில் நமது அரசியல் கட்சிகளுக்கு வசதியான குழப்பம் நிலவுகிறது. எதிர்த்தரப்பு பேசுவது எல்லாம் அவதூறு, தம் தரப்பு பேசுவது எல்லாம் கருத்துரிமை என்பதே அவர்கள் கைக்கொண்டிருக்கும் இலக்கணம்.

சட்டத்தின் இலக்கணம் வேறு. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் தயாரித்த வரைவிலிருந்து உருவாகி, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499-ஆவது பிரிவு அவதூறுக்கு விளக்கம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆவது பிரிவாக எண் மாறியிருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்ற பழைய தண்டனையுடன் சமூக சேவை என்பதும் சேர்ந்திருக்கிறது. விளக்கத்தில் மாற்றம் ஏதுமில்லை. ஒருவரின் நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்துடனோ, கேடு விளையும் என்று தெரிந்தோ, அவரைப் பற்றிக் குறைகூறும் செய்தியை மூன்றாம் நபர் அறியச் செய்வது அவதூறு. நேருக்கு நேர் திட்டுவது இதில் சேராது. அதற்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன. விலைவாசி குறைந்துவிட்டது, மின்வெட்டே இல்லை என்பன போன்ற பொய்களும் சேரா. அவை வாக்காளர்கள் தண்டிக்க வேண்டியவை.

சொல்லும் விதத்தை மாற்றித் தப்பிவிடவும் முடியாது. நமது இலக்கண நூலார் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பெயரிட்ட ஒன்றையும் மெக்காலேயின் சட்டம் விட்டுவைக்கவில்லை. "அவர் நேர்மையானவர், இவருடைய கைக்கடிகாரத்தை அவர் ஒருபோதும் திருடவில்லை" என்று, திருடினார் என்றே கேட்பவர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்துடன் சொன்னால், அதுவும் அவதூறுதான் என்று சட்டமே எடுத்துக்காட்டுத் தருகிறது. நமது மேடைப் பேச்சாளர்கள் அதைப் படித்துவைத்திருப்பது நல்லது.

அவதூறுக்கு ஆளானவர் இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. ஒரு கூட்டமோ, சங்கமோ, நிறுவனமோகூட அவதூறுக்கு ஆளாகலாம். ஆனால் அது வரையறைக்கு உட்பட்ட கூட்டமாக இருந்தாக வேண்டும். இந்தக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது தமிழகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான். 1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டில் நிறைவேறிய தீர்மானம் ஒன்றைத் திரித்து வெளியிட்டுவிட்டதாக 'தி ஹிந்து' நாளிதழ் மீது மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடுத்தார். செய்தி தவறானது என்பதே புகார். அதற்குள் உச்ச நீதிமன்றம் செல்லவேயில்லை. மாநாடு என்பது இன்னார் இன்னார் அடங்கியது என்று வரையறுக்கக்கூடிய அமைப்பு அல்ல. எனவே அதன் சார்பில் தனிநபர் ஒருவர் தன் பெயர் கெட்டதாக வழக்காட முடியாது என்று 1972-இல் தீர்ப்பளித்தது. நடிகை குஷ்பு 2005-இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றித் தெரிவித்த கருத்து தமிழ்ப் பெண்கள் அனைவரையும் இழிவுபடுத்திவிட்டதாகத் தொடுக்கப்பட்ட 23 குற்ற வழக்குகளை 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோதும் இதே அடிப்படை நினைவூட்டப்பட்டது. அக்கருத்து பிடிக்காதவர்கள் அதை மறுத்துப் பேசியிருக்கலாம். பலர் பேசவும் செய்தார்கள்.

இவ்வளவு தெளிவான முன்தீர்ப்புகள் இருந்தும், 2023 மார்ச் 23-ஆம் தேதி சூரத் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ராகுல் காந்திக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. 2019 தேர்தல் பிரசாரத்தின்போது கர்நாடக மாநிலம் கோலாரில் அவர் பேசிய பேச்சு, 'மோடி' என்ற குடும்பப் பெயர் கொண்ட அனைவரையும் இழிவுபடுத்துவதாகப் பாரதிய ஜனதா சட்டப்பேரவை உறுப்பினர் ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். அந்தப் பேச்சு ரசிக்கத்தக்கது என்று நாம் சொல்ல மாட்டோம். பிரதமரின் பெயரை நாட்டைவிட்டு ஓடியவர்களின் பெயர்களோடு கோத்து, கைதட்டல் வாங்குவதற்காகப் பேசப்பட்ட பேச்சு அது. ஆனால், பல மாநிலங்களில், பல சமூகங்களில் பரவியிருக்கும் ஒரு குடும்பப் பெயரை உடையவர்கள் எப்படி வரையறைக்கு உட்பட்ட கூட்டம் ஆவார்கள்? பெயர் சொல்லிச் சுட்டப்பட்டவர் வழக்குத் தொடுத்திருந்தால் அது வேறு கதை.

இரண்டு ஆண்டு என்பது இச்சட்டத்தின் உச்சபட்சத் தண்டனை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி பதவி பறிபோவதற்குக் குறைந்தபட்சத் தண்டனையும் அதுவேதான். ஒரு நாள் குறைந்திருந்தாலும் வயநாடு மக்கள் தங்கள் உறுப்பினரை இழந்திருக்க மாட்டார்கள். தீர்ப்பின் மறுநாளே பதவி பறிக்கப்பட்டது. உச்சபட்சத் தண்டனைக்கு விசாரணை நீதிமன்றம் காரணம் ஏதும் கூறவில்லை என்று சுட்டிக்காட்டி, 2023 ஆகஸ்ட் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. பொதுவாழ்வில் இருப்பவர் பேச்சில் நிதானம் காட்ட வேண்டும் என்றும் அது சேர்த்துச் சொன்னது. இரண்டும் சரியே.

உண்மையைச் சொன்னால் அவதூறாகாது என்று பொதுவாக நம்பப்படுகிறது. உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்கும் வழக்கில் அது சரி. குற்றவியல் சட்டத்தில் உண்மை மட்டும் போதாது. அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். அதேபோல், சொன்னது தவறாகிப் போனதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. சட்டம் வகுத்துள்ள பத்து விதிவிலக்குகளில் பெரும்பாலானவை 'நல்லெண்ணத்துடன்' என்ற சொல்லைச் சுற்றி அமைந்தவை. இச்சொல்லுக்கு அகராதிப் பொருள் வேறு, சட்டப் பொருள் வேறு. உரிய கவனமும் அக்கறையும் இன்றிச் செய்த எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது என்கிறது சட்டம். "எனக்கு அவர் மீது பகையில்லை, கேள்விப்பட்டதைச் சொன்னேன்" என்பது சமாதானமாகாது. கேள்விப்பட்டதைச் சரிபார்த்தீர்களா, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டீர்களா, ஆவணம் பார்த்தீர்களா என்பனவே நீதிமன்றம் எழுப்பும் கேள்விகள். அமைச்சரின் பொதுச் செயல்பாட்டைப் பற்றி ஒருவர் கொண்ட கருத்து கடுமையாக இருக்கலாம். நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டிருந்தால் அது குற்றமாகாது. "இந்த அமைச்சர் திறமையற்றவர்" என்பது கருத்து. "இந்த அமைச்சர் இந்த ஒப்பந்தத்தில் இவ்வளவு தொகை வாங்கினார்" என்பது தகவல். பின்னதைச் சொல்பவர் கையில் ஏதேனும் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை ஒரு விசாரணை நீதிமன்றம் செம்மையாகப் பயன்படுத்தியதும் உண்டு. தன் மீது பாலியல் அத்துமீறல் புகார் கூறிய பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது, 2018 அக்டோபரில் வெளியுறவுத் துறை இணையமைச்சராக இருந்த எம்.ஜே. அக்பர் அவதூறு வழக்குத் தொடுத்தார். அடுத்த சில நாள்களில் அவர் பதவி விலக நேர்ந்தது. ரமணி கூறியது உண்மை, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்ற வாதத்தை ஏற்று, 2021 பிப்ரவரி 17-ஆம் தேதி தில்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல ஆண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்த மேடையிலும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றது அத்தீர்ப்பு.

இதனால், நற்பெயர் என்பது ஒரு பொருட்டே அல்ல என்று வாதிடுபவர்களோடு நாம் சேர்ந்துவிட முடியாது. 2001-இல் 'தெஹல்கா' இணைய இதழ் வெளியிட்ட ரகசியப் படப்பதிவுச் செய்தி, ராணுவ மேஜர் ஜெனரல் ஒருவர் லஞ்சம் கேட்டதாகக் கூறியது. அது பொய் என்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபாய் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டது 2023 ஜூலையில். இடையில் 22 ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஒரு படை அதிகாரியின் பணிக்காலமும் முதுமையும் அதில் அடங்கிவிட்டன. 2008-இல் வைப்புநிதி மோசடி பற்றிய செய்தியில் வேறொரு நீதிபதிக்குப் பதிலாக, உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி பி.பி. சாவந்த்தின் படத்தைச் சில விநாடிகள் காட்டிவிட்டது ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி. புணே நீதிமன்றம் 2011-இல் 100 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. பெயர்க் குழப்பத்தால் நேர்ந்த பிழைக்கு 100 கோடி என்பது எந்த நிறுவனத்தையும் மூடிவிடக்கூடிய தொகை. அதை நியாயம் என்று நம்மால் ஏற்க முடியவில்லை. ஆனால், தவறு தெரிந்தவுடன் அதே நேரத்தில், அதே அளவில் வருத்தம் தெரிவித்திருந்தால் வழக்கே வந்திருக்காது. முதல் பக்கத்தில் குற்றம் சாட்டிவிட்டு உள்பக்க மூலையில் திருத்தம் வெளியிடும் பழக்கத்துக்குப் பத்திரிகைகளும் பொறுப்பேற்க வேண்டும்.

அரசியல்வாதிகள் இதில் நம்மை மிஞ்சியவர்கள். தில்லி கிரிக்கெட் சங்க விவகாரத்தில் அருண் ஜேட்லி மீது 2015-இல் அரவிந்த் கேஜரிவால் அடுக்கிய குற்றச்சாட்டுகள் எத்தனை! ஜேட்லி 10 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடுத்தார்; குற்ற வழக்கும் தொடுத்தார். 2018 ஏப்ரலில் கேஜரிவால் மன்னிப்புக் கடிதம் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டார். அதற்கு முந்தைய மாதம் நிதின் கட்கரியிடமும் பஞ்சாப் முன்னாள் அமைச்சர் விக்ரம் சிங் மஜீதியாவிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தார். மக்கள் முன் அத்தனை உறுதியாகச் சொன்னவை ஆதாரமற்றவை என்றால், அதை நம்பி வாக்களித்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டது யார்?

ஆகவே, அவதூறுக்குப் பரிகாரம் வேண்டும். அது சிறைத் தண்டனையாக இருக்க வேண்டுமா என்பதே கேள்வி. மேதா பட்கர் 2000 நவம்பரில் வெளியிட்ட பத்திரிகைக் குறிப்பு தன்னை இழிவுபடுத்தியதாக, பின்னாளில் தில்லி துணைநிலை ஆளுநரான வி.கே. சக்சேனா 2001-இல் வழக்குத் தொடுத்தார். ஆமதாபாதில் தொடங்கித் தில்லிக்கு மாற்றப்பட்ட அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது 2024 மே மாதம். ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது அதே ஆண்டு ஜூலையில். மேல்முறையீட்டில் சிறைக்குப் பதில் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் உத்தரவு வந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பில் தலையிட மறுத்தது. கால் நூற்றாண்டு நடந்த இவ்வழக்கில் வென்றவருக்கு என்ன கிடைத்தது என்பதும் தோற்றவர் எதை இழந்தார் என்பதும் வாய்தா தேதிகளின் கணக்கில்தான் இருக்கின்றன. வழக்கு நடப்பதே தண்டனை என்பதை வசதி படைத்தவர்கள் நன்கு அறிவார்கள். தொலைதூர ஊர் ஒன்றில் புகார் மனு, அழைப்பாணை, ஒவ்வொரு முறையும் பயணம். செய்தி எழுதிய சிறு பத்திரிகையாளர் அடுத்த முறை எழுதுவதற்கு முன் யோசிப்பார். தொடுத்தவரின் நோக்கம் அத்துடன் நிறைவேறிவிடும்.

இது தனிநபர்கள் தொடுக்கும் வழக்கு. இதைவிடக் கவலையளிப்பது அரசே தொடுக்கும் வழக்கு. குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர், அரசு ஊழியர் ஆகியோரின் அலுவல் நடவடிக்கை குறித்து அவதூறு நேர்ந்ததாகக் கருதினால், அரசின் அனுமதியோடு அரசு வழக்குரைஞரே நேரடியாக செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்றது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199-ஆவது பிரிவு. இன்று அது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 222-ஆவது பிரிவு. அமைச்சர் கையெழுத்திட வேண்டாம், படியேற வேண்டாம், செலவழிக்க வேண்டாம். மக்கள் வரிப்பணத்தில் அவருடைய கௌரவம் காக்கப்படும்.

இந்த ஏற்பாடு எப்படிப் பயன்படும் என்பதற்குத் தமிழகத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. ஜெயலலிதா முதல்வராக இருந்த ஐந்து ஆண்டுகளில் தொடுக்கப்பட்ட 213 அவதூறு வழக்குகளின் பட்டியல், விஜயகாந்தின் மனு மீதான விசாரணையில் 2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்களும் பத்திரிகைகளும் அதில் அடக்கம். பொதுவாழ்வில் இருப்பவர் விமர்சனத்தை எதிர்கொள்ளத்தான் வேண்டும் என்று நீதிபதிகள் கண்டித்தார்கள். 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ், என். ராம் உள்ளிட்ட பத்திரிகையாசிரியர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தார். பெற்றோர் பிள்ளைகளின் சுடுசொல்லைப் பொறுத்துக்கொள்வதுபோல அரசு பொறுத்துக்கொள்ள வேண்டும். அரசு வழக்குரைஞர் வந்ததை அப்படியே அனுப்பிவைக்கும் அஞ்சல் நிலையமல்ல என்பது அத்தீர்ப்பின் சாரம். 2021-இல் ஆட்சி மாறியதும் பத்திரிகையாளர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற அரசு உத்தரவிட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால், ஓர் அரசு தொடுத்து மற்றோர் அரசு கைவிடும் வழக்கு யாருடைய நற்பெயரைக் காக்கப் பிறந்தது? கைவிடும் அரசுகளும் அந்த அதிகாரத்தை மட்டும் கைவிட முன்வருவதில்லை.

இதில் ஒரு முரண்பாடும் இருக்கிறது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், அரசோ அரசு அமைப்புகளோ தங்களுக்கு அவதூறு நேர்ந்ததாக நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. அரசு அலுவலர்களும், தங்கள் அலுவல் பற்றிய செய்தி தவறாகவே இருந்தாலும், உண்மையைப் பற்றிச் சற்றும் பொருட்படுத்தாமல் அது வெளியிடப்பட்டது என்று நிறுவினாலொழிய நஷ்டஈடு பெற முடியாது. நியாயமான அளவு சரிபார்த்தேன் என்று காட்டினால் வெளியிட்டவர் தப்பலாம். ஆக, நஷ்டஈடு கேட்க வழியில்லாத இடத்தில் சிறைக்கு அனுப்ப வழியிருக்கிறது! இந்த முரணைத் தீர்க்கும் வாய்ப்பு 2016 மே 13-ஆம் தேதி வந்தது. சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, கேஜரிவால் என மூன்று எதிரெதிர்க் கட்சியினர் ஒரே கோரிக்கையுடன் வந்து நின்ற அபூர்வ வழக்கு அது. நற்பெயர் என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று கூறி, குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்றது நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான அமர்வு. அழைப்பாணை அனுப்புவதில் மாஜிஸ்திரேட்டுகள் மிகுந்த எச்சரிக்கை காட்ட வேண்டும் என்ற அறிவுரையும் அதில் இருந்தது. அறிவுரையின் கதி என்ன ஆனது என்பதைச் சூரத் காட்டியது.

இங்கிலாந்து தன் குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2009-இல் ஒழித்துவிட்டது. இலங்கை அதற்கு முன்பே, 2002-இல் ஒழித்தது. நமது சட்ட ஆணையமோ 2024 பிப்ரவரியில் அளித்த 285-ஆவது அறிக்கையில் இச்சட்டம் தொடர வேண்டும் என்றது. 2025 செப்டம்பரில் வேறொரு வழக்கை விசாரித்தபோது, இதைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கும் காலம் வந்துவிட்டது என உச்ச நீதிமன்ற நீதிபதி எம்.எம். சுந்தரேஷ் குறிப்பிட்டார். அது கருத்துதான், தீர்ப்பல்ல.

முழுச் சட்டத்தையும் நீக்கும் மனத்துணிவு இன்றைய நாடாளுமன்றத்துக்கு இருக்குமென்று நாம் எதிர்பார்க்கவில்லை. போஃபர்ஸ் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த 1988-இல், ராஜீவ் காந்தி அரசு இன்னும் கடுமையான அவதூறு மசோதாவை ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேற்றி, பத்திரிகையாளர்கள் தெருவில் இறங்கியதும் செப்டம்பரில் கைவிட்டது. சட்டத்தைக் கடுமையாக்கத்தான் அரசுகளுக்கு யோசனை தோன்றுகிறது. ஆயினும், முதல் படியாகச் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உரிமையியல் நஷ்டஈட்டு வழக்குகளுக்குக் காலவரம்பு விதித்து, வருத்தமும் திருத்தமும் உரிய இடத்தில் வெளியிட்டவர்களுக்குச் சலுகை தரலாம். கூடவே, 222-ஆவது பிரிவில் அரசு வழக்குரைஞருக்குத் தரப்பட்டிருக்கும் அதிகாரத்தை நீக்கலாம். அமைச்சர்களுக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. மற்றக் குடிமக்களைப் போலத் தாங்களே மாஜிஸ்திரேட் முன் நேரில் சென்று, சத்தியப் பிரமாணம் செய்து, தங்கள் செலவில் புகார் கொடுக்கும் உரிமையை அதே பிரிவு இன்றும் அவர்களுக்கு விட்டுவைத்திருக்கிறது. குறுக்கு விசாரணைக்கு மட்டும் அவர்கள் தயாராக இருக்க வேண்டும்.